நடுவாச்சிகிட்ட வந்தவங்க

ரொம்பத் தூரத்து வானத்துல ஒரு ஊர் இருந்துச்சாம், மருது. அந்த ஊர்ல ஆளுன்னா நம்மள மாதிரி இல்ல. ஒவ்வொருத்தரும் கோடி கோடி நட்சத்திரம் சேர்ந்த ஒரு கூட்டம். முழிச்சிருக்கியா? ம் சொல்லு.

"ம்."

ஊருக்கு நட்ட நடுவுல இருந்தவ பேரு நடுவாச்சி. அவளுக்குத் தனியா இருக்கவே பிடிக்காது. யாரு அந்தப் பக்கம் போனாலும், "வா வா, இன்னும் கிட்ட வா"ன்னு கூப்பிடுவா.

முதல்ல ஒரு குட்டையன் வந்தான். அவளைச் சுத்தினான். சுத்தச் சுத்த வேகம் குறைஞ்சு, கிட்ட, இன்னும் கிட்ட... லபக்! உள்ள போயிட்டான்.

"தின்னுட்டாளாக்கா?"

வாயே திறக்கல. இருந்தாலும் தின்ன மாதிரிதான். நடுவாச்சி "ஐயோ"ன்னா. ஆனா உடம்பு பெருத்து தகதகன்னு இருந்துச்சா, சீக்கிரமே மறந்துட்டா.

அப்புறம் ஒரு தடியன் வந்தான். அவனும் சுத்தினான். லபக்! இப்போ ஊர்லயே பெருசு அவதான்.

அப்புறம் வந்தா சுழலி. சின்னப் பொண்ணு. நீல நீலமா நட்சத்திரம் பெத்துக்கிட்டே ராட்டினம் மாதிரி கிர்ருன்னு சுத்துவா. வாய் ஓயாது.

"ஆச்சி, உனக்கு ஏன் நட்சத்திரமெல்லாம் சிவந்து கிழடாக் கிடக்கு? புதுசா ஒண்ணுகூடப் பொறக்கலையா?"

"என் நெஞ்சுல ஒரு கருந்துளை இருக்குடி. நட்சத்திரம் ஆகறதுக்கு வாயு கொஞ்சம் குளிர்ந்தா போதும், புஸ்ஸுன்னு ஊதி சூடாக்கிக் கெடுத்துடும்."

"கெட்ட நெஞ்சு!"

நடுவாச்சி சிரிச்சா. அவளை யாரும் அப்படிச் சிரிக்க வச்சதே இல்ல. அப்போதான் பார்த்தா, சுழலியோட ஓரத்து நட்சத்திரமெல்லாம் நூல் பிரியுற மாதிரி பிரிஞ்சு இவ பக்கம் வருது.

"எட்டப் போடி!"

"எல்லாரையும் கூப்பிடுவே, என்னை மட்டும் வெரட்டுறியா?"

"போயிடு கண்ணு, சொன்னாக் கேளு!"

சுழலி திரும்பிப் பார்த்தா. "ஆச்சி... நான் போகத்தான் பாக்குறேன். ஆனா கிட்டதான் வர்றேன்."

நடுவாச்சி வாய் "போ"ன்னுச்சு. உடம்பு இழுத்துச்சு. அந்த வெயிட்டு எங்க இருந்து வந்துச்சு? முன்னாடி வந்த ரெண்டு பேரோடதுதான்.

லபக்.

நீல நட்சத்திரமெல்லாம் கொஞ்ச காலம் உள்ள மினுக்கு மினுக்குன்னுச்சு. அப்புறம் அணைஞ்சு போச்சு. சிவப்பு மட்டும்தான் மிச்சம்.

தூரத்து ஊர்க்காரங்க பார்த்து, "அடேங்கப்பா, என்னா வெளிச்சம்!"னாங்க. "இதுல சுழலியும் இருக்கா"ன்னா நடுவாச்சி. அவ்ளோ தூரத்துக்கு எங்க கேக்கும்?

"இனிமே யாராச்சும் வந்தா, அக்கா?"

"வராதே"ன்னு கத்துவா. வருவாங்க.

"...அக்கா, நான் கிட்ட வந்து படுக்கட்டா?"

வாடா. நான் அவ்ளோ வெயிட் இல்ல. கதையை வானத்துலயே விட்டாச்சு, நீ கண்ணை மூடு.