தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

ஒரு குளம். குளத்துக்கு நடுவே ஒரு மேட்டுத் திட்டு. அந்தத் திட்டுதான் ஆமைகளின் தலைநகரம். திட்டு முழுக்கக் கோரைக்கிழங்கு விளைந்து கிடந்தது. குளக்கரைக்குக் கீழே, பள்ளத்து வயல் வரப்பில், பெருச்சாளிகள் வளை தோண்டிக் குடியிருந்தன. கிழங்கு வாசனை காற்றில் வரும்போதெல்லாம் அவற்றுக்கு வாயில் எச்சில் ஊறும்.

ஒருமுறை நீந்திப் போய்த் திட்டைப் பிடிக்கப் பார்த்தன. ஆமைகள் தண்ணீருக்கு அடியிலிருந்தே கவ்வின. போன படையில் பாதி வாலில்லாமல் திரும்பி வந்தது. அவமானம் வேறு.

படைத்தலைவன் தடிவாலன் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் யோசித்தான். மூன்றாம் நாள் ராஜாவிடம் போய்த் திட்டத்தைச் சொன்னான். ஆமைக்குப் பலமே தண்ணீர்தான். தண்ணீர் இல்லாவிட்டால் ஆமை வெறும் ஓடு. கரையை உடைத்துக் குளத்தை வடிப்போம், பிறகு நடந்தே போய்த் தலைநகரத்தைப் பிடிப்போம் என்றான். பெருச்சாளிக்குத் தோண்டச் சொல்லியா தரவேண்டும்? ராஜா சபையிலேயே அவனைக் கட்டிக்கொண்டார்.

எந்த இடத்தில் உடைப்பது என்று பேச்சு வந்தது. வளைகளுக்கு நேர் மேலே இருக்கிற மேற்குக் கரைதான் வசதி என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். தோண்டுகிறவர்கள் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் அல்லவா? அடடா, என்ன புத்தி, என்ன புத்தி!

தடிவாலனின் மனைவி பூங்காதிக்கு அப்போதுதான் ஏழு குட்டிகள் பிறந்திருந்தன. ஒன்றுகூட இன்னும் கண் திறக்கவில்லை. அவன் வீட்டுக்கு வந்து பெருமையடித்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கரையை உடைச்சா தண்ணி எந்தப் பக்கம்ங்க போகும்?"

"போற பக்கம் போகும். யுத்தத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவன் புறப்பட்டுப் போனான்.

மூன்று நாள் தோண்டினார்கள். கரையில் ஈரம் கசிய ஆரம்பித்ததும் ஆமை ராஜா திட்டின் ஓரத்துக்கு வந்து கத்தினார். கரையைத் தொடாதே, கீழே இருப்பது உன் வீடு என்றார். தொண்டை கட்டும்வரை கத்தினார். பயந்துவிட்டான் பார் என்று தடிவாலன் விழுந்து விழுந்து சிரித்தான். எதிரி சொன்னால் அது தந்திரம்தான் என்று அவனுக்கு நினைப்பு.

நான்காம் நாள் காலையில் படை முழுவதும் கிழக்குக் கரையில் அணிவகுத்து நின்றது. மேற்கே இரண்டு பேர் மட்டும் கடைசி மண்ணைத் தள்ளினார்கள். குளத்துத் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. படை கூத்தாடியது. மண்ணைத் தள்ளிய இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. சாப்பிடப் போயிருப்பார்கள் என்றான் தடிவாலன்.

உச்சிப்பொழுதுக்குள் சேறு தெரிந்தது. படை வயிறு வரை சேற்றில் புதைந்து புதைந்து திட்டில் ஏறியது. ஒரு ஆமைகூட எதிர்க்கவில்லை. தடிவாலன் முதல் கிழங்கைப் பிடுங்கி வாயில் வைத்தான். ஆமை ராஜா தலையைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"ஊரை நீயே வைத்துக்கொள். முதலில் மேற்கே திரும்பிப் பார்" என்றார்.

உடைப்பு வழியாக வயல் தெரிந்தது. வயலா அது? வரப்பைக் காணோம். வளைகளைக் காணோம். ஒரே வெள்ளம். தடிவாலனின் வாயிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது. சேறு என்றும் பாராமல் மேற்குக் கரைக்கு விழுந்தடித்து ஓடினான்.

உடைந்த கரையின் விளிம்பில் பூங்காதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு குட்டிகள். அன்று காலையில் மனசு கேட்காமல் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேலே கொண்டுவரத் தொடங்கியிருக்கிறாள். மூன்றாவதை எடுக்கத் திரும்பும்போது கரை உடைந்துவிட்டது.

தடிவாலன் மற்ற ஐந்து குட்டிகளைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தான். அவள் வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே கேட்டேன். நீங்க பதில் சொல்லவே இல்லையே" என்றாள்.

எதிரியின் கோட்டையை உடைக்கப் போகிறவன், அது உடைந்து யார் வீட்டில் விழும் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.