டீ எத்தனை மணிக்கு?

ரயில்வே பொறியியலும் திட்ட மேலாண்மையும் சேர்ந்த அந்த முதுநிலைப் படிப்பில் மொத்தம் பதினெட்டு மாணவர்கள். பதினேழு பேருக்கு இருபத்துமூன்று வயது. பதினெட்டாவது ஆளான வடுகநாதனுக்கு ஐம்பத்தொன்று.

இருபத்தேழு வருடம் தண்டவாள ஓரத்தில் வெயிலில் காய்ந்த பொறியாளர் அவர். படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். விடுதியில் ஒரு கட்டிலைப் பிடித்தார். கூடப் படிக்கிற பிள்ளைகள் 'அண்ணே' என்று கூப்பிட, இரண்டு வருடத்தையும் ஓட்டிவிட்டார்.

அவருடைய பேராசிரியை சகாயராணி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். இதில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். இவர்கள் இருவரும் ஒருநாளும் குழம்பியதில்லை.

கடைசியாக ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் வடுகநாதனின் ஆய்வுத் திட்டத்தில் சகாயராணி கையெழுத்திட வேண்டும். அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். தவறினால் பட்டம் இல்லை, மறுபடி விடுப்பும் இல்லை. மகளும் இதே வருடம்தான் பி.காம். முடிக்கிறாள். அப்பாவும் மகளும் கறுப்பு அங்கியில் நிற்கும் படங்களை மாட்டுவதற்கு, ஊரில் மனைவி இப்போதே சுவரில் இரண்டு ஆணி அடித்து வைத்துவிட்டாள்.

திட்டம் இதுதான். ஓர் ஓடைப் பாலத்தின் பழைய இரும்பு உத்தரத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். காலை பத்து முதல் மதியம் ஒரு மணி வரை அந்த வழியில் ரயில் வராது. ரயில்வேக்காரர்கள் இதை பிளாக் என்பார்கள். ஒரு மணிக்கு எக்ஸ்பிரஸ் வந்துவிடும். இந்த மூன்று மணி நேரத்தை வடுகநாதன் அறுபத்துமூன்று வரிகளாகப் பிரித்திருந்தார். கடைசி போல்ட்டை முடுக்கும்போது மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்பது.

அந்த வாரத் திங்கட்கிழமை காலையே அதைக் கொண்டுபோய் நீட்டினார்.

"ஒரு நிமிஷம்கூட வீணாகலை மேடம். மென்பொருள்ல எல்லாக் கட்டமும் பச்சை. ஏதாவது குறை இருக்கா?"

சகாயராணி அறுபத்துமூன்று வரிகளையும் படித்தார்.

"இதுல டீ எத்தனை மணிக்கு சார்?"

"டீயா?"

"ஆமா, டீ."

வடுகநாதன் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விடுதிக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தார். மனிதவளம், ஊழியர் நலன் என்று ஒரு பாடம் உண்டு. அதைத்தான் கேட்கிறார்கள்போல என்று முடிவு கட்டினார். அங்கே இங்கே அரை அரை நிமிடமாகப் பிடித்து, நடுவில் ஒரு வரியைச் செருகினார். 'தேநீர், பத்து நிமிடம்.'

செவ்வாய்க்கிழமை அதைப் பார்த்த சகாயராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உத்தரம் கிரேன்ல தொங்குது. ஆளுங்க கீழ உக்காந்து டீ குடிக்கறாங்க. அப்படித்தானே?"

வடுகநாதனுக்கு முகம் சுண்டிப்போனது. உண்மையில் கொஞ்சம் கோபமும் வந்தது.

"அப்ப நான் என்னதான் மேடம் செய்யணும்? வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"வியாழக்கிழமை பத்து மணியிலேர்ந்து பத்து நாப்பது வரைக்கும் ஏழாம் நம்பர் அறை உங்களுக்கு. மாடல் வச்சு முழுத் திட்டத்தையும் எனக்கு நடத்திக் காட்டுங்க. பத்து நாப்பதுக்கு அங்க முதலாண்டுப் பிள்ளைங்களுக்கு எனக்கு வகுப்பு."

"நாப்பது நிமிஷம் தாராளம் மேடம்."

இரண்டு நாள் தூங்காமல் மாடல் செய்தார் என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தூங்கினார், குறட்டைகூட விட்டார். ஆனால் மாடல் அருமையாக வந்திருந்தது. அட்டையில் பாலம், மரக்குச்சியில் இரண்டு கிரேன், ஓடைக்கு நிஜ மணல். பேச்சையும் கடிகாரத்தை வைத்து ஏழு முறை ஒத்திகை பார்த்தார். ஏழு முறையும் நாற்பது நிமிடம்.

வியாழக்கிழமை எட்டாவது முறையும் பிசகவில்லை. புதிய உத்தரம் பாலத்தில் உட்கார்ந்தது. "கடைசி போல்ட் மேடம்!" என்று அவர் நிமிர்ந்தபோது மணி சரியாகப் பத்து நாற்பது.

சகாயராணி எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"வண்டி வந்துடுச்சு சார்."

வெளியே அறுபது பிள்ளைகள் பையும் கையுமாக நின்றார்கள்.

வடுகநாதன் திரும்பிப் பார்த்தார். மேசை முழுக்கப் பாலம். தரையெல்லாம் மணல். நடுவழியில் புரொஜெக்டர் வயர். கரும்பலகையில் நான்கு வரைபடங்கள், நாற்காலிகளின் மேல் குண்டூசிகள். ஒரு கிரேனின் கொக்கியைக் காணவில்லை. அவர் மண்டியிட்டு பெஞ்சுக்கு அடியில் தேடத் தொடங்கினார். வாசலில் ஒரு பையன் 'கூ' என்று விசில் கொடுத்தான். அறுபது பேரும் சிரித்தார்கள். பாவம், மூன்று பேர் துடைப்பத்தோடு உதவிக்கும் வந்தார்கள்.

வகுப்பு தொடங்கும்போது பத்து ஐம்பத்தாறு.

"வேலை எப்ப முடிஞ்சுது சார்?" என்று மட்டும் கேட்டார் சகாயராணி.

முழங்கால் மணலைத் தட்டிக்கொண்டே வடுகநாதன் வெளியே வந்தார். இருபத்தேழு வருடச் சர்வீஸில் ஒரு நாள்கூட வண்டியை நிறுத்தி வைத்ததில்லை. இன்று பதினாறு நிமிடம். அவமானமாக இருந்தது.

எதிரே இருந்த கேன்டீனில் ஒரு டீ சொன்னார். டீ வந்தது. கிளாஸை வாய்வரை கொண்டுபோனவர், அப்படியே மேசையில் வைத்தார். எழுந்து நடந்துபோய் ஏழாம் நம்பர் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். குண்டூசி குத்தி யாரும் துள்ளவில்லை. வயரில் யாரும் இடறவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் கொட்டாவி விடும்வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

குடித்து முடித்ததும் சிரிக்க ஆரம்பித்தார். கேன்டீன்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தார்.

வேலையிடத்தில் இருபத்தேழு வருடமும் அவர் செய்ததும் இதையேதான். பிளாக் முடிந்து முதல் வண்டி பத்திரமாகத் தாண்டும்வரை அவருடைய ஆட்களில் யாரும் டீ கேனைத் தொட முடியாது. இரண்டு வருடப் படிப்பில் அது எப்படி மறந்துபோனதென்று அவருக்கே தெரியவில்லை. காலிக் கட்டத்தைக் கண்டால் சிவப்பாக முறைக்கும் அந்த மென்பொருளோடு ரொம்பவும் பழகிவிட்டார் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாகப் போய் நின்றார்.

"டீ ஒண்ணு பத்துக்கு மேடம்."

சகாயராணி தாள்களை வாங்கிக்கொண்டார். இந்த முறை கடைசி வரியிலிருந்து மேலே படித்தார். கடைசி போல்ட் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு. அதன் பிறகு கருவிகளைப் பொறுக்குவது, எண்ணிப் பார்ப்பது, பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை நடப்பது. பன்னிரண்டு ஐம்பதுக்கு வழியைத் திருப்பி ஒப்படைப்பது. ஒரு மணிக்கு எக்ஸ்பிரஸ், மெதுவாக.

"முன்ன மூணு மணி நேரமும் பத்தாம இருந்துச்சே. இந்த முப்பத்தஞ்சு நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"பாதி வேலையை முந்தின நாளே கரையில வச்சு முடிச்சிடலாம் மேடம். எங்க ஆளுங்க அப்படித்தான் செய்வாங்க. எனக்குத்தான் எழுதத் தோணலை."

சகாயராணி பேனா மூடியைக் கழற்றினார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? டீ விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாள் வகுப்புல உங்களைப் பத்திச் சொல்லச் சொன்னேன். நீங்க அதை மட்டும்தான் சொன்னீங்க."

வடுகநாதன் தலையைச் சொறிந்தார். பேனா தாளில் இறங்கப்போனது. நின்றது.

"ஒரு மணியிலேர்ந்து ஒண்ணு பத்து வரைக்கும் ஒரு வரி காலியா இருக்கே சார்?"

"அதைத்தான் மேடம் கேக்கணும்னு வந்தேன். அந்தப் பத்து நிமிஷம் நாங்க ஒண்ணும் செய்யறதில்ல. வண்டி பாலத்து மேல ஊர்ந்து போகும். எல்லாரும் ஓரமா நின்னு சக்கரத்தையே பாத்துட்டிருப்போம். கடைசிப் பெட்டி தாண்டினதும் கேனைத் திறப்போம். இதுக்கு என்ன வேலைன்னு பேர் போடறது? பேர் போடலேன்னா மென்பொருள் சிவப்பு காட்டுது."

சகாயராணி கையெழுத்தைப் போட்டு முடித்தார். தாள்களை அடுக்கி அவர் கையில் கொடுத்தார்.

"நிக்கறோம்னு எழுதுங்க சார்."