குரல் திருடனுக்கு ஏழு நாள் சிறை

முன்னொரு காலத்தில், அரியணையிலிருந்து கூப்பிட்டால் கோட்டை வாசல்வரை கேட்கும் குரலுடைய மன்னர் ஒருவர் இருந்தார். ஜலதோஷம் பிடித்திருந்தும், படகுப் போட்டியில் தன் படகுக்காகக் காலை முதல் மாலைவரை கத்தித் தீர்த்தார். மறுநாள் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

பத்தாம் நாள் அண்டை நாட்டு அரசர் வருகிறார். இருவரும் சபையில் வாய்விட்டுச் சத்தியம் செய்தால்தான் எல்லைச் சண்டை நிற்கும்.

அமைச்சர் விழுப்பரையர் மன்னரோடு ஒட்டிக்கொண்டார். "அரசே, என் காதில் கிசுகிசுத்தால் போதும். சபைக்கு நான் அறிவிக்கிறேன்" என்றார். விகடகவி அம்பலக்கூத்தன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை. "குரல் தானாகவா போகும்? எவனோ திருடியிருக்கிறான். அம்பலக்கூத்தன் பிடித்து வரட்டுமே" என்று தூண்டிவிட்டார்.

குரல் எங்கே போயிற்று என்று மன்னருக்கும் ஒரே யோசனை. அம்பலக்கூத்தனுக்கு ஓலை எழுதி முத்திரையிட்டார்: "என் குரலைத் திருடியவனை நாளைக்குள் கண்டுபிடி. யாராக இருந்தாலும் ஏழு நாள் சிறை. தவறினால் நீ இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது."

அம்பலக்கூத்தன் நேரே மாசாத்தனிடம் போனான். முரசு கொட்டி, அரச ஆணைகளைத் தெருத்தெருவாகக் கூவுகிறவன் அவன்.

"குரல் எங்கியும் போகல சாமி" என்று மாசாத்தன் சிரித்தான். "தொண்டைக்குள்ள மெல்லிசா ரெண்டு மடிப்பு இருக்காம். அது அதிர்ந்தாத்தான் சத்தம். சளியோட கத்தினா வீங்கிப்போகும். வீங்கினது எப்படி அதிரும்? எனக்கும் திருவிழா முடிஞ்சா இதே கதைதான். வாயை மூடிக்கிட்டு, வெதுவெதுன்னு தண்ணி குடிச்சுக்கிட்டு இருப்பேன். ஒரு வாரத்துல திரும்பிரும். ரெண்டு வாரம் தாண்டினா மட்டும் வைத்தியர்கிட்ட ஓடணும்."

"கிசுகிசுக்கலாமா?"

"ஐயையோ! அதுவும் தொண்டையை நோகடிக்கும். செருமவும் கூடாது."

மறுநாள் சபையில் அம்பலக்கூத்தன் வணங்கினான். "அரசே, திருடன் அகப்பட்டான். படகுத்துறையில் கத்திய தங்கள் பேச்சே அவன். ஆணைப்படி தங்கள் வாய்க்குள் ஏழு நாள் சிறை வைக்கிறேன். கிசுகிசுப்பாகக்கூட வெளியே வரக் கூடாது."

மன்னர் சீறப் பார்த்தார். சீறலும் வரவில்லை. தன் முத்திரையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் விழுப்பரையர் சபையில் எழுந்தார். "இன்று காலை மன்னர் என் காதில் ஓர் ஆணை சொன்னார். அரண்மனை மாந்தோப்பு இனி எனக்கு."

மன்னர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அம்பலக்கூத்தன் முன்னே வந்தான்.

"அமைச்சரே, மன்னரின் பேச்சு மூன்று நாளாகச் சிறையில் இருக்கிறது. அது உம் காதுவரை வந்ததென்றால் சிறையை உடைத்தது நீர்தான். வரவில்லையென்றால் சொன்னது பொய். இரண்டில் எது?"

மன்னரின் தோள்கள் சிரிப்பில் சத்தமில்லாமல் குலுங்கின. அன்றே விழுப்பரையரின் அமைச்சர் பதவி போயிற்று.

மன்னர் வெந்நீர் பருகியபடி, வேறு வழியின்றிப் பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் குரல் சற்றுக் கரகரப்பாக, ஆனால் தெளிவாகத் திரும்பியது. சத்தியம் முடிந்து இரு அரசர்களும் தழுவிக்கொண்டார்கள்.

"அம்பலக்கூத்தா, என்ன வேண்டும்? கேள்!" என்றார் மன்னர்.

"இன்னும் சில நாள் தாங்கள் யாரையும் அதட்டாமல் இருந்தால் போதும், அரசே."

சபை முழுவதும் "ஆமாம், ஆமாம்" என்றது. மன்னர் மெல்லச் சிரித்தார். தன் பட்டுச் சால்வையை எடுத்து அம்பலக்கூத்தனுக்குப் போர்த்தினார். வழி சொன்ன மாசாத்தனுக்கு, தெருத்தெருவாகச் சுற்றிவர ஒரு குதிரையை அனுப்பிவைத்தார்.