ஆலா ஒப்படைத்த முட்டை

கடலோரம் ஒரு தைல மரக் காடு. அதன் ஓரத்து மரத்தில் ஒரு கோவாலா இருந்தது. வயிற்றுப் பையில் அதன் குட்டி. இலை தின்னும், தூங்கும், விழித்தால் மறுபடி இலை தின்னும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

கீழே மணல் குழியில் ஓர் ஆலா முட்டையிட்டிருந்தது. ஆலா கடற்பறவை. ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத பிறவி! அதைப் போய் அடைகாக்கச் சொன்னால்? உட்காரும், எழும், கூட்டாளிகள் மீன் பிடிப்பதைப் பார்க்கும், மறுபடி உட்காரும்.

"அவளுக்கென்ன, கொடுத்து வைத்தவள்! பிள்ளையைப் பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம். நான்தான் இந்த வெயிலில் கிடந்து வேகிறேன்!" என்று மரத்தைப் பார்த்துப் பார்த்துப் புலம்பியது.

ஒரு நாள் காலை, பக்கத்து மரத்துக்கு மாறுவதற்காகக் கோவாலா தரையில் இறங்கியது. ஆலா முட்டையை அலகால் உருட்டிக்கொண்டு ஓடி வந்தது.

"அக்கா, இதையும் உன் பையில் வைத்துக்கொள்! கடலுக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுகிறேன்!"

"ஐயோ, வேண்டாம்மா! என் பை இருக்கிறதே, அது..."

"இடம் போதாதா? சின்ன முட்டைதானே! இதற்குப் போய் இவ்வளவு பிகு பண்ணுகிறாயே!"

முட்டையைப் பைக்குள் தள்ளிவிட்டு ஆலா பறந்தே போய்விட்டது.

கோவாலா ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தது. ஒற்றைக் கையால் மரமேற முடியுமா? பசி வேறு. இலையெல்லாம் உச்சியில். "இதோ வந்துவிடுவாள், இதோ வந்துவிடுவாள்" என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மீனைக் கண்ட ஆலாவுக்கோ முட்டை நினைப்பே இல்லை.

சாயங்காலம் புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுநாய் உறுமிக்கொண்டு பாய்ந்தது. கோவாலா என்ன செய்யும், பாவம்! நான்கு காலாலும் மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறியது. உள்ளே குட்டி தாயின் காம்பை இறுகக் கவ்விக்கொண்டது. முட்டைக்குக் கவ்வ ஏது வாய்? சரிந்து விழுந்து உடைந்தது.

நாய் போன பிறகு ஆலா வந்து சேர்ந்தது.

"அக்கா, என் முட்டை எங்கே?"

கோவாலா மேலிருந்து அழுதது. "என் பைக்கு வாய் கீழ்ப்பக்கமடி! அதைத்தான் காலையில் சொல்ல வந்தேன். நீ எங்கே சொல்ல விட்டாய்?"

ஆலா தன் வெறும் மணல் குழிக்குத் திரும்பியது. அன்றைக்குத்தான் அது முதன்முதலாக அசையாமல் உட்கார்ந்தது.

அடுத்தவருக்கு இருப்பதைப் பார்த்து ஏங்குகிறவர்கள், அதைப் பற்றி அந்த அடுத்தவர் சொல்ல வருவதையும் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.