முதல் கொத்து

ஆடி மாதம் ஐந்தாம் நாள், காலை ஆறு மணி. ஈச்சம் புதரடியில் ஏழு தவிட்டுக்குருவிகள் கூடின. பேச்சு ஒரே பெயரைப் பற்றியது: துடியன்.

அந்த ஏழில் ஒன்றான துடியனுக்கு வயது ஒன்று. பறக்கும் ஈசலைப் பறந்தபடியே பிடிப்பதில் அந்தக் காட்டில் அதற்கு இணை இல்லை. பக்கத்துக் கூட்டம் அதை இழுக்கப் பார்த்தது. ஆகவே அவசரமாக ஒப்பந்தம் முடிந்தது: மூன்று மழைக்காலத்துக்குக் கறையான் புற்றில் முதல் கொத்து துடியனுக்கே. அது வயிறு நிறைந்து விலகிய பிறகுதான் மற்றவை வாய் வைக்கும்.

"அப்படியானால் கொம்புக் காவலிலும் முதல் ஆள் தம்பிதான்!" என்றது மூத்த குருவி மூக்கி. ஆறு குருவிகள் மேயும்போது ஒன்று உச்சிக் கொம்பில் அமர்ந்து வல்லூறு வருகிறதா என்று பார்க்கும். அது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

"பிடிப்பது என் வேலை அக்கா. பார்ப்பது உங்கள் வேலை!"

"நல்லாயிருக்கே! தலைவாழை இலை உனக்கு, வாசல் காவல் எங்களுக்கா?"

எல்லாம் சிரித்தன. துடியனும் சிரித்தது. அதன் முறை வந்தபோதெல்லாம் மூக்கியே கொம்பேறியது. துடியன் அதைக் கவனித்தது. கவனிக்காதது போல இருந்துகொண்டது.

ஆவணி ஒன்பதாம் நாள் மூக்கியின் காலில் முள் ஏறிவிட்டது.

"இன்றைக்கு மட்டும் நீ ஏறு தம்பி. என்னால் கொம்பைப் பற்ற முடியவில்லை."

துடியன் ஏறியது. முந்தின நாள் மழையில் ஈசல் கிளம்பியிருந்தது. எதிர்மரத்தில் இரண்டு மைனாக்கள் கேலி பேசின.

"மூன்று மழைக்குப் பேசி வைத்த குருவி இதுதானா? ஒன்று பிடித்துக் காட்டேன்!"

"ஒன்று என்ன, மூன்று!"

வயிறு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் பாய்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவதைக் கவ்வும்போது மேலே நிழல் விழுந்தது. வல்லூறு! கத்த வாய் திறக்கவில்லை. வாய் நிறைய ஈசல்.

"வல்லூறு! புதருக்குள் ஓடுங்கள்!" என்று கத்தியது தரையில் நின்ற மூக்கி. ஐந்து குருவிகள் முள்ளுக்குள் புகுந்தன. முள் ஏறிய காலோடு கத்திய குருவியால் ஓடவோ உந்திப் பறக்கவோ முடியவில்லை. வல்லூறு அதைத் தூக்கிப் போனது.

துடியனை யாரும் திட்டவில்லை. மறுநாள் ஐந்தும் புற்றைச் சுற்றிச் சும்மா நின்றன.

"கொத்து தம்பி."

"நீங்கள் தின்னுங்கள்."

"அதெப்படி? சொன்ன சொல் சொன்னதுதான். உனக்குக் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னதே மூக்கிதான்."

துடியன் தலை குனிந்தது. நிமிர்ந்து ஒரு முகத்தையும் பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே கொத்தியது.

புரட்டாசி முதல் நாள், காலை ஆறு மணிக்குத் துடியன் ஒரே ஒரு கறையானைக் கொத்திவிட்டுக் கொம்பேறியது. கீழே ஐந்து குருவிகள் மேய்ந்தன.

பந்தியில் முதல் இடம் வாங்கியவருக்குக் காவலிலும் முதல் இடம் உண்டு, அதை யாரும் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும்.