ஜெனிட்டாவுக்கு ஒரு லேப்டாப்

திருச்சியில் லேப்டாப் பழுது பார்க்கும் ரஹீமாவுக்கு ஒரே ஒரு சீடர். குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடர் அருளப்பனுக்கு ஐம்பத்து இரண்டு.

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். முதுகு கெட்டுப்போய், இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வந்தார். ரஹீமாவை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அவர் எதையாவது கேட்டால் அவள் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டாள். திருப்புளியை எடுத்து அவர் கையில் கொடுப்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அருளப்பன் கேட்டார்.

"எம் பொண்ணுக்கு எந்த லேப்டாப் டீச்சர் நல்லது?"

மகள் ஜெனிட்டா மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ஒரு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவரிடம் இருந்தது. தப்பாக வாங்கிவிட்டால் இன்னொரு தடவை வாங்க வழியில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒன்றை முடிவு செய்துதான் வைத்திருந்தார். பெரிய திரை, கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் கனமான மாடல். டீச்சர் வாயால் சரி என்று சொன்னால் போதும்.

"பாப்பாவைக் கூட்டிட்டு வாங்கண்ணே" என்றாள் ரஹீமா.

"அவளுக்கு இதெல்லாம் தெரியாது டீச்சர்."

"கூட்டிட்டு வாங்க."

திங்கட்கிழமை காலேஜ் விட்டதும் ஜெனிட்டா கடைக்கு வந்தாள். மேஜைமேல் மூன்று லேப்டாப்கள் இருந்தன. ரஹீமா அவளை உட்காரச் சொன்னாள்.

"மணப்பாறையிலேருந்து எப்படிம்மா வர்றே?"

"ட்ரெயின்லதான் டீச்சர்" என்றார் அருளப்பன்.

"உக்கார எடம் கெடைக்குமா?"

"அதெல்லாம் கெடைக்கும். நான் வர்ற ட்ரெயின்ல கெடைக்குதே."

ஜெனிட்டா தன் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"லேப்டாப்ல என்னம்மா வேலை அதிகமா இருக்கும்?"

"படம் வரையறதுதான். மெக்கானிக்கல்னா அதுதானே டீச்சர்."

ஜெனிட்டா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

ரஹீமா அவரைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணே, மூணு டீ வாங்கிட்டு வாங்களேன். புதுசா போடச் சொல்லி வாங்குங்க. அவசரம் இல்லை."

டீக்கடையில் கூட்டம். அவர் தூக்கு வாளியோடு திரும்பக் கால் மணி நேரம் ஆனது.

வாசலிலேயே நின்றுவிட்டார். ஜெனிட்டா நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் இவ்வளவு பேசி அவர் பார்த்து ரொம்ப நாளாயிருந்தது. அவள் மடியில் மூன்றிலும் சின்னது, மூடியில் கீறல் விழுந்த ஒன்று இருந்தது.

"இது போதும்ப்பா."

"இது பழசும்மா. யாரோ வச்சிருந்தது."

"டீச்சர் பேட்டரி புதுசு போட்டுத் தர்றாங்க. பெரிய படமெல்லாம் நாங்க காலேஜ் லேப்லதான்ப்பா வரைவோம். இது வெயிட்டே இல்லை. ட்ரெயின்ல நின்னுக்கிட்டே வந்தாலும் தோள் வலிக்காது."

"நின்னுக்கிட்டா? எடம் கெடைக்காதா?"

"ஒரு நாளும் கெடைச்சதில்லைப்பா. போன செமஸ்டர்ல ப்ராஜெக்டுக்காக ஃப்ரெண்டோட பெரிய லேப்டாப்பை ரெண்டு மாசம் தூக்கிட்டு வந்தேன். இந்தக் கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியலை."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீங்களே முதுகு வலியோட வேலைக்குப் போயிட்டு வர்றீங்க. உங்ககிட்ட போய் என் தோளைப் பத்தி என்னத்தச் சொல்றது?"

அருளப்பன் டீயை டம்ளர்களில் ஊற்றினார். ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரஹீமா பேட்டரியை மாற்றிக் கொடுத்தாள். ஜெனிட்டா லேப்டாப்பைப் பையில் வைத்துத் தோளில் மாட்டி, அப்பாவுக்காக ஒரு முறை குதித்துக் காட்டிவிட்டு ட்ரெயினுக்குக் கிளம்பினாள். அவர் வாசல்வரை போய், அவள் தெருமுனை திரும்புகிறவரை நின்றுவிட்டு வந்தார்.

ரஹீமா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எந்த மிஷின் வந்தாலும் எங்கே கோளாறுன்னு இப்ப நானே கண்டுபிடிச்சிடறேன். வீட்ல இருக்கற புள்ளைகிட்ட ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியலை. கால் மணி நேரத்துல அவகிட்ட அப்படி என்னதான் கேட்டீங்க?"

"நான் ஒண்ணுமே கேக்கலைண்ணே" என்றாள் ரஹீமா. "நீங்க டீ வாங்கப் போனீங்க. அவ பேச ஆரம்பிச்சா."