வெறும் வயிற்றுடன் வரவும்

ஒரு ஊரில் ஒரு கல்யாண மண்டபம். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே இலவச மருத்துவ முகாம் நடக்கும். காப்பீட்டு அட்டை கிடைக்காதவர்களும், மருந்துக்கடையில் வியாதியைச் சொல்லியே மாத்திரை வாங்கித் தின்பவர்களும் விடிந்ததுமே வந்துவிடுவார்கள்.

அந்த ஞாயிறும் எழுபது பேர் வந்திருந்தார்கள். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் வரச்சொல்லி நோட்டீஸ் போட்டிருந்ததால் ஒருவரும் டீகூடக் குடிக்கவில்லை. மணி பத்தரை. மேசைமேல் இருந்த சுகர் மிஷினுக்கு எரிச்சலாக வந்தது. யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று பக்கத்தில் நின்ற குத்துவிளக்கைக் கேட்டது.

முகாம் நடத்தும் சங்கத்தின் தலைவர் வரவேண்டும், தன்னை ஏற்றவேண்டும், அப்புறம் நாலு பேர் பேசவேண்டும், பிறகுதான் வைத்தியம் என்றது விளக்கு. தான் எரியாமல் இந்த மண்டபத்தில் எந்த நல்ல காரியமும் தொடங்கியதில்லை என்றும் சேர்த்துக்கொண்டது.

தலைவர் படத்தோடு மேலே தொங்கிய ஃபிளெக்ஸ் குறுக்கிட்டது. "ஓசியிலதானே பாக்கப்போறாங்க? கொஞ்சம் பொறுத்தா என்னவாம்?"

"வைத்தியம் இலவசம்னா, அவங்க உயிரும் இலவசமா?" என்றது மிஷின்.

மூன்றாம் வரிசையில் செங்கமலம் என்ற சித்தாளுக்கு வேர்த்துக் கொட்டியது. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டுச் சாப்பிடாமல் வந்தவள், சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருந்தாள். "மண்டபமே தட்டாமாலை சுத்துதுடி. காசில்லாம ராட்டினம் ஏறிட்டேன்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சிரித்தாள்.

மிஷினுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தம்மாவுக்குச் சர்க்கரை இறங்குது. இப்ப விழுந்தா எழுந்திரிக்காமலே போயிடலாம். நீங்க எரியறது யாருக்காக? போட்டோவுக்காகவா?"

விளக்குக்குச் சுருக்கென்றது. கேமராவைப் பார்த்தே நின்று பழகிய அது, முதல்முறையாக நாற்காலிகள் பக்கம் திரும்பியது. செங்கமலம் சரிந்துகொண்டிருந்தாள்.

"ஏத்து" என்று அது தீப்பெட்டியிடம் சொன்னது. தலைவர் வரட்டுமே என்று தீப்பெட்டி இழுத்தது. "ஏத்துங்கறேன்ல."

திரி பற்றியது. சுடரைக் கண்டதும், அதற்காகவே கைகட்டி நின்றிருந்த நர்ஸ் ஜெசிந்தா ஓடிவந்து செங்கமலத்தின் விரலில் குத்தினாள். மிஷின் நாற்பத்தொன்று காட்டியது. இருக்கவேண்டியதில் பாதி. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட, கால் மணி நேரத்தில் அவள் கண் தெளிந்தாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பதினொன்றரைக்குத் தலைவர் வந்தார். விளக்கை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்று செயலாளர் அவர் காதில் சொல்லிவிட்டுச் சுடரை அணைக்கக் கை நீட்டினார்.

"கையை எடுங்க" என்றது விளக்கு. "தொடங்கி ஒரு மணி நேரமாச்சு. ஐயாவுக்கும் உடம்பு பாக்கணும்னா வரிசையில நிக்கட்டும்."

தலைவர் வரிசையின் கடைசி எங்கே இருக்கிறது என்று தேடினார். அவர் அதை இதுவரை பார்த்ததில்லை.